நான்கு மாவட்டம், மூன்று நிறம்: டிஎன்ஏ வைத்து மேப்புக்கு வண்ணம் போடலாம் வாங்க

எங்கள் போடிப் பக்கத்து மேப்பையே கணக்காக எடுத்துக்கொள்வோம். தேனி, திண்டுக்கல், இடுக்கி, திருப்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும்தான்; எல்லை தொடும் இரண்டுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. தேனியும் திருப்பூரும் தொடுவதில்லை, நடுவில் கொடைக்கானல் மலை வந்துவிடுகிறது. மற்ற ஐந்து ஜோடிகளும் தொடுகின்றன. கையாலேயே போட்டுவிடலாம்தான், ஆனால் கற்றுக்கொள்ள இந்த அளவு போதும்.

1994-இல் கணினி விஞ்ஞானி லியோனார்ட் ஏடில்மேன் ஏழு ஊர்களையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டுப் போகும் வழியை டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடித்தார். அதே உத்திதான் இங்கேயும்: விடையாக இருக்கக்கூடியவற்றை டிஎன்ஏ இழைகளாக உருவாக்கி, தப்பானவற்றைக் கழிப்பது. இங்கே ஓர் இழை என்றால் மேப்புக்கு வண்ணம் போடும் ஒரு வழி.

படி 1: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் 20 எழுத்து நீளத்தில் ஒரு துண்டு, மொத்தம் 12. எழுத்து என்பது டிஎன்ஏவைக் கட்டும் நான்கு வேதிப்பொருள்களில் ஒன்று; ஏ-வோடு டி, ஜி-யோடு சி ஒட்டும் என்பதால், ஒரு துண்டு தவறான இடத்தில் ஒட்டாத அளவுக்கு எழுத்துகள் வேறுபட வேண்டும். ஜி, சி எண்ணிக்கை எல்லாத் துண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒரே வெப்பநிலையில் வேலை நடக்கும்.

படி 2: தேனி, திண்டுக்கல், இடுக்கி, திருப்பூர் என்ற வரிசையில் கோர்க்க வேண்டும். இதற்கு இணைப்புத் துண்டு தேவை: முதல் துண்டின் கடைசி 10 எழுத்தோடும் அடுத்ததன் முதல் 10 எழுத்தோடும் ஒட்டுவது. மூன்று மூட்டுக்கும் சேர்த்து 27 வரும், எல்லாவற்றையும் போட்டால் 81 வகை இழை கிடைக்கும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள், அடுத்தடுத்து வரும் மூன்று ஜோடிகளும் எல்லை தொடுபவை! அதனால் ஒரே நிறத்தை ஒட்டும் 9 இணைப்புகளை வாங்கவே வேண்டாம். மீதி 18 போட்டு, துண்டுகளை நிரந்தரமாக இணைக்கும் லைகேஸ் நொதி சேர்த்தால், இந்த மூன்று எல்லைகளில் தப்பான இழைகள் பிறக்காமலே 24 வகை மட்டும் உருவாகும். எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான். அப்புறம் இழைகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, 80 எழுத்து நீளமுள்ளதை மட்டும் எடுங்கள், அரைகுறையாக ஒட்டியது போய்விடும்.

படி 3: மீதி இரண்டு எல்லைகள். தேனி–இடுக்கிக்கு, தேனி சிவப்புத் துண்டோடு ஒட்டும் இணை இழையைக் காந்த மணியில் ஒட்டி டியூபில் விட்டால் அந்த இழைகள் மட்டும் சிக்கும். காந்தத்தால் பிடித்துக்கொண்டு, சூடாக்கி வேறு டியூபில் விடுவிக்கலாம். அதில் இடுக்கி சிவப்பு உள்ளவற்றை இதேபோல் பிடித்து எறியுங்கள். பச்சை, நீலத்துக்கும் செய்து ஒன்றாக ஊற்றினால் 12. திண்டுக்கல்–திருப்பூருக்கும் செய்தால் 6.

படி 4: டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, எழுத்து வரிசையைப் படியுங்கள். ஆறிலும் தேனியும் திருப்பூரும் ஒரே நிறமாக இருக்கும்.

பெரிய மேப்புக்கும் இது ஓடுமா என்றால், எல்லா வகையையும் உருவாக்கும் முறையில் 50 மாவட்டத்துக்கு 3-இன் 50-ஆம் அடுக்கு வகை இழை வேண்டும், வகைக்கு ஒன்று வைத்தாலே ஏறக்குறைய 400 கிலோ டிஎன்ஏ.

இரண்டே நிறத்தில் முயன்றால் படி 3-இன் முதல் வடிகட்டலிலேயே டியூப் காலி. ஆனால் கை தவறி இழைகள் போயிருந்தாலும் டியூப் காலியாகத்தான் தெரியும், ஆகவே மூன்று நிற டியூப் ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதில் பதில் வந்தால்தான் இந்தக் காலியை நம்பலாம்.