இசைக் கப்பலில் சூட் அறை எடுக்கும் முன்

ஒரு கப்பலை முழுவதுமாக வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் இசைப் பயணத்தில் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: எந்தச் சலுகை கப்பல் நிறுவனத்துடையது, எது விழா அமைப்பாளருடையது?

பட்லர் (அறைக்கான தனிப் பணியாளர்), கான்சியர்ஜ் (முன்பதிவு போன்றவற்றுக்கு உதவுபவர்), முதலில் ஏறும் வசதி போன்றவை கப்பலைச் சேர்ந்தவை. நார்வீஜியன் பேர்ல் கப்பலில் 'ஹேவன்' என்ற பகுதியின் தனி முற்றமும் நீச்சல்குளமும் ஹேவன் வகை சூட் பயணிகளுக்கு உண்டு. ஆனால் அரங்கில் எந்த வரிசை, கலைஞரோடு படம் எடுக்கும் நேரம் எப்போது என்பதை அமைப்பாளரே முடிவு செய்வார். பெரிய அறை எடுத்தால் முன்வரிசை தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். 2011 முதல் நடக்கும் '70000 டன்ஸ் ஆஃப் மெட்டல்' என்ற ஹெவி மெட்டல் இசைப் பயணத்தில் விஐபி பகுதியே கிடையாது. கலைஞர்களும் ரசிகர்களும் ஒரே தளத்தில் உலவுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

வழக்கமான பயணங்களில் சேர்த்த உறுப்பினர் சலுகைகளும் பானத் தொகுப்பும் (பானங்களுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் திட்டம்) இங்கே செல்லாமல் போகலாம். எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை இருக்கும் இடமும் முக்கியம். நீச்சல்குளத்தை ஒட்டியோ அதன் மேலேயோ மேடை கட்டுவார்கள். அந்த வேலை முடியும்வரை குளத்தளம் மூடியிருக்கலாம். கச்சேரி நள்ளிரவைத் தாண்டியும் நீளும். அதற்கு நேர் கீழேயோ அருகிலோ உள்ள சூட்டில் தூக்கம் வராது. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணியர் அறைகளே உள்ள தளத்தைக் கேட்டு வாங்குங்கள்.