கம்பளம் ஈரமா? டேஷ்போர்டைக் கழற்றாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்

பிப்ரவரியில் என் பழைய டொயோட்டா டாஸில் இடப்பக்கக் கம்பளம் நனைந்திருந்தது. ஹீட்டர் கோர் (இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டால் காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) போய்விட்டது என்று முடிவுகட்டி, சனி ஞாயிறு முழுக்க டேஷ்போர்டைப் பிரித்தேன். கோர் நன்றாகவே இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோடைப் புழுக்கத்தில் ஓயாமல் ஓடிய ஏசியின் வடிகுழாய்தான் அடைத்திருந்தது. அந்த அனுபவத்தால், இங்கே குளிர்காலமான ஜூலையில் மறுபடி ஈரம் தெரிந்தபோது "ஏசி தண்ணீர்தானே" என்று விட்டுவிட்டேன். ஜொகன்னஸ்பர்க் போகும் வழியில், வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில், ஹீட்டரைப் போட்டதும் முன் கண்ணாடியில் எண்ணெய் தடவியது போல ஆவி படிந்தது. இந்தமுறை கோரேதான்.

முதலில், இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய காரில் ரிசர்வ் டப்பாவில் (மிச்சக் கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் டப்பா) கூலன்ட் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, ராத்திரி காருக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள்.

காலையில் அட்டையில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ உப்புப் பூத்தது போல் இருக்கும்.

அப்புறம் நான் கோட்டைவிட்ட இடம். நனைந்த கம்பளத்தில் வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுத்து, விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை. கூலன்ட் என்றால் நிறம் ஒட்டும், வழுக்கும், பாகு காய்ச்சுவது போல இனிப்பு வாசனை வரும். வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள், அது விஷம். இன்னும் சந்தேகமா? இரண்டு நாள் ஏசியைப் போடாமல் ஓட்டுங்கள். ஈரம் நின்றுவிட்டால் வடிகுழாய்தான். புல்வெட்டியின் நைலான் கயிற்றை மெல்ல விட்டு அடைப்பை எடுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் குத்திவிடும்.

எதுவும் பிடிபடவில்லையா, ரேடியேட்டரில் மாட்டும் கை பம்பால் அழுத்தம் கொடுங்கள். மூடியில் 0.9 என்றிருந்தால் 0.9 பார், அதற்கு மேல் வேண்டாம். பம்பின் அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே போய், வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ஒழுகவில்லை, ஆனால் சூடான காற்றும் வரவில்லை என்றால் அது வேறு கதை. இஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொடுங்கள். ஒன்று சூடு, ஒன்று ஜில்லென்றால் கோர் அடைப்பு, அல்லது ஹீட்டருக்குக் கூலன்டை விடும் வால்வு திறக்கவில்லை. இரண்டும் சூடு என்றால் உள்ளே காற்றைத் திருப்பும் தட்டில் கோளாறு. இரண்டும் ஆறியிருந்தால் கூலன்ட் குறைவு, அல்லது இஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கிறது.

ஒழுகலை அடைக்கும் பொடிகளை நான் தொடமாட்டேன். ஒழுகும் ஓட்டையோடு கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். வழியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டருக்குப் போகும் அந்த இரண்டு ஹோஸையும் கழற்றி, இஞ்சின் பக்க முனைகளை ஒரே ஹோஸால் இணைத்துவிடுங்கள். ஹீட்டர் இல்லாமல் வீடு வந்து சேரலாம். நான் அப்படித்தான் ஹாரிஸ்மித்திலிருந்து, பல் கிடுகிடுக்க, திரும்பினேன்.

பின்சேர்க்கை: எங்குமே ஒழுகவில்லை, ஆனால் மட்டம் இறங்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை, மெக்கானிக்கிடம் போங்கள். அப்புறம், அட்டையை மறக்காமல் எடுத்துப் போடுங்கள். இனிப்புக்கு நாய் வந்து நக்கும்.