தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரும் லெவோதைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில்தான் சரியாக உறிஞ்சப்படும். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டு, காபி, டீ, டிபன் எல்லாவற்றையும் 30 முதல் 60 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பலர் தவறுவது காபியில்தான். மாத்திரை போட்ட கையோடு குடித்தால் மருந்தில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே போய்விடும். தைராய்டு ஹார்மோன் குறைவதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உணர்ந்து, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். ரிப்போர்ட்டில் அந்த அளவு ஏறி நிற்கும். டோஸ் போதவில்லை என்று தோன்றும்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் குடலிலேயே இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி கட்டாயம். அவற்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது சுலபம்.

மாத்திரையில் உள்ள தைராய்டு ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே ரத்தப் பரிசோதனை. முடி உதிர்வுக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரிப்போர்ட் தவறாக வரலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். மருந்தின் தேவை கூடும், உடனே மருத்துவரைப் பாருங்கள்.