உறைபனியில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கருகாமல் இருக்க

தை, மாசியில் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கம் பகல் முழுக்க வெயில் அடித்து, இரவில் காற்றும் மேகமும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் விடியற்காலை உறைபனியை எதிர்பாருங்கள். சுவரில் மாட்டிய வெப்பமானி 3 பாகை காட்டினாலும் தரையோடு ஒட்டிய இலை 0 பாகைக்குக் கீழே போய்விடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். பள்ளத்துப் பாத்தியைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பின்னேரம் 3 மணிக்குள் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். வைக்கோல் மூடாக்கு இருந்தால் ஒதுக்குங்கள், அது அந்தச் சூட்டை மேலே வரவிடாது. 5 மணிவாக்கில் கம்பு நட்டு, அதன்மேல் சாக்கை விரித்து ஓரத்தைத் தரைவரை தொங்கவிடுங்கள். இலையில் படக்கூடாது. பொலித்தீன் என்றால் பட்ட இடமெல்லாம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

மூடாத பாத்தியில் வெள்ளை படிந்திருந்தால், வெயில் விழுமுன் பூவாளியால் பச்சைத்தண்ணீர் தெளித்துக் கரையுங்கள். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பனி பட்ட கிழங்கு இலை முதலில் அவித்த கீரை மாதிரித் துவண்டு கரும்பச்சையாகி, பிறகு கறுக்கும். பதறி வெட்டாதீர்கள், யூரியாவும் போடாதீர்கள். தண்டு பச்சையாக இருந்தால் இலைக்கணுவில் மறுபடி துளிர்க்கும். காய்ந்ததை அதற்குப் பிறகு கழிக்கலாம். லீக்ஸும் கோவாவும் லேசான பனியைத் தாங்கும், அதனால் சாக்கு பற்றாவிட்டால் கிழங்குக்கும் போஞ்சிக்கும் கொடுங்கள்.