"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்: ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைக்கும் வழி

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜூமில் கணக்கு எடுக்கிறேன். நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் முக்கூடல், கடையம், வீரவநல்லூர், அந்தப் பக்கம் திசையன்விளை வரைக்கும் சிதறிக் கிடக்கிறார்கள். நேரில் வரவேண்டுமென்றால் சிலருக்கு ரெண்டு பஸ் மாறணும், ராத்திரி திரும்பிப் போவது அதைவிடப் பெரிய பாடு, அதனால் 2020-ல் கொரோனாவுக்காக ஆரம்பித்த ஏற்பாடு இன்று வரை ஓடுகிறது.

முதல் வருஷம் நான் நடத்தியது ஏறக்குறைய ரேடியோ நிகழ்ச்சி. நான் பாட்டுக்குப் பேசுவேன், நடுவில் "புரிஞ்சுதா?" என்பேன், நாலு பேர் "எஸ் சார்" என்பார்கள், மிச்சப்பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள், நானும் திருப்தியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஒருநாள் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், ஒரு பெயர் மட்டும் திரையில் நிற்கிறது. ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆச்சி குரல்: "அவன் கொளத்தங்கரையில வெளையாடப் போயி ஒரு மணி நேரம் ஆச்சே சார், போனு கட்டில்ல கெடக்கு." அந்தப் போனிலிருந்தும் அன்றைக்கு ரெண்டு கட்டைவிரல் வந்திருந்தது. யார் அமுக்கினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதையாவது சிரித்துவிட்டு விடலாம், உண்மையான அடி மூணு வாரம் கழித்து வைத்த டெஸ்டில்தான் விழுந்தது. 5 − (x − 3) = 2 என்று ஒரு சின்னக் கணக்கு, விடை 6. பாதிப் பேர் 0 என்று எழுதியிருந்தார்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறி மாறும் என்பதை விட்டுவிட்டு 5 − x − 3 என்று போட்டிருக்கிறார்கள். இதே பாடத்தை நேரில் எடுத்திருந்தால் பெஞ்சுக்கு நடுவில் நடக்கும்போதே ரெண்டாவது வரியில் பிடித்திருப்பேன், "ஏல, அந்த மூணுக்கு முன்னால என்ன குறி?" என்று ஒரு வார்த்தை, அதோடு தீர்ந்திருக்கும். ஆன்லைனில் அந்தத் தப்பை மூணு வாரம், வீட்டுப்பாடம் வீட்டுப்பாடமாக, அவர்களே பழகிப் பழகி உறுதியாக்கி வைத்திருந்தார்கள். பழகின தப்பைத் திருத்துவதற்குப் புதுப் பாடம் நடத்துவதைவிட நேரம் கூட ஆனது.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர் 1989-ல் படிப்பில் நடக்கும் உரையாடலை மூணாகப் பிரித்துச் சொன்னார்: மாணவருக்கும் பாடத்துக்கும் நடப்பது, மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். ஆன்லைனில் முதலாவது எப்படியோ ஓடிவிடும், வீடியோ இருக்கிறது, பி.டி.எஃப். இருக்கிறது. மற்ற ரெண்டும் தானாக நடக்காது. வகுப்பறையில் பேனா மூடியைக் கடிப்பது, பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பது, பெல் அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் பின்னாலேயே வந்து ஒரு சந்தேகம் கேட்பது என்று அந்த ரெண்டும் இலவசமாக நடந்துகொண்டிருந்தன. திரைக்கு வந்தபின் அதையெல்லாம் நாம்தான் ஏற்பாடு செய்தாக வேண்டும். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

கேள்வியை மாற்றுங்கள்

"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. புரியவில்லை என்று சொன்னால் சாருக்கு மரியாதைக் குறைவு, பக்கத்தில் அம்மா வேறு உட்கார்ந்திருக்கிறாள். அதனால் ஆமாம் இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வியாகப் போடுங்கள், அதிலும் தப்பான விடையைப் பார்த்தே தப்பு எங்கே என்று தெரிகிற கேள்வியாக இருந்தால் ரொம்ப நல்லது. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 வந்தால் சரி. 0 வந்தால் அடைப்புக்குறிக்குள் குறி மாற்றவில்லை. −6 வந்தால் அடைப்புக்குறியைச் சரியாக நீக்கிவிட்டான், ஆனால் −x = −6 என்ற கடைசி வரியில் சறுக்கிவிட்டான். ஒரே ஒரு எண்ணை டைப் பண்ணச் சொன்னால் போதும், முப்பது விநாடியில் 24 நோட்டையும் எட்டிப் பார்த்த மாதிரி.

அந்த விடை எல்லார் கண்ணிலும் படக்கூடாது என்பது முக்கியம். ஜூமில் சாட் ஹோஸ்டுக்கு, அதாவது வகுப்பு நடத்துகிற நமக்கு, மட்டும் போகிற மாதிரி வைக்க வழி இருக்கிறது, வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதலில் வருகிற நன்றாகப் படிக்கிற பிள்ளையின் விடையைப் பார்த்து மற்ற எல்லாரும் அதையே போட்டுவிடுவார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், "டைப் பண்ணி வையுங்க, நான் மூணு எண்ணினதும் எல்லாரும் சேர்ந்து அனுப்புங்க" என்று சொன்னாலும் முக்கால்வாசி வேலை நடக்கும். தப்பாகப் போட்டவர்களின் பெயரைச் சொல்லாதீர்கள். "ஏழு பேருக்கு 0 வந்திருக்கு, எப்படி வந்திருக்கும்னு யோசிப்போம்" என்று எல்லாருடைய புதிராகவும் ஆக்கிவிடுங்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

இதுதான் எனக்கு வெகு கஷ்டமாக இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து 1970-களில் ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதை மூணு விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அது நேர் வகுப்புக் கணக்கு. ஆன்லைனில் என் குரல் கடையத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளை மைக் பட்டனைத் தேடி அமுக்கி, அவன் குரல் திரும்பி வருவதற்கே அந்த மூணு விநாடி போய்விடும், ஆகவே குறைந்தது பத்து விநாடி விடுங்கள். திரைக்கு முன்னால் பத்து விநாடி அமைதி என்பது ஆற்றில் மூச்சுப் பிடித்து முங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கும், வாய் துறுதுறுக்கும். நான் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன், கேள்வி கேட்டதும் எடுத்து நிதானமாக ரெண்டு வாய் குடிப்பேன். வாயில் தண்ணீர் இருக்கும்போது விடையை உளற முடியாது.

பெயரைக் கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள். "முருகன், 5-ல இருந்து..." என்று ஆரம்பித்தால் முருகனைத் தவிர 23 பேர் நிம்மதியாகச் சாய்ந்துவிடுவார்கள். கேள்வி, தண்ணீர், அப்புறம் பெயர். டம்ளரில் பெயர்ச் சீட்டு போட்டுக் குலுக்கி எடுக்கிறேன், அதனால் யாரைக் குறிவைத்தேன் என்ற மனத்தாங்கல் இல்லை. ரொம்பக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு மட்டும் முந்தின நாளே "நாளைக்கு ரெண்டாவது கணக்கு உன்கிட்டதான் கேப்பேன்" என்று தனியாகச் சொல்லிவிடுவேன். இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டுமே.

கேமராவை முகத்துக்குத் திருப்பச் சொல்லாதீர்கள்

டேட்டா தீரும், அது ஒரு பக்கம். வீடு தெரியும், அது பெரிய பக்கம். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மாதக்கணக்கில் மைக்கைத் திறக்கவே மாட்டாள், எழுதுவதெல்லாம் சரியாக இருக்கும். பிறகுதான் விஷயம் தெரிந்தது: ஒற்றை அறை வீடு, பக்கத்தில் அம்மாவும் சித்தியும் மடியில் சொளவை (முறத்தை) வைத்து பீடி சுற்றுகிறார்கள், இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அது எல்லாருக்கும் கேட்டுவிடுமே என்று வெட்கம். அதற்கு நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து என் மைக்கை அணைக்காமல் விட்டேன், எங்கள் வீட்டுக் குக்கர் விசில், தெருவில் போகிற மீன்காரர் சத்தம், எங்கள் அம்மா "காப்பி ஆறுதுப்பா" என்பது எல்லாம் பிள்ளைகளுக்குக் கேட்டது. ரெண்டு வாரத்தில் கத்தரிச் சத்தத்தோடு அவள் பேச ஆரம்பித்தாள். அம்மா பின்னாலிருந்து "சார் கேக்காவல்லா, சத்தமாச் சொல்லு" என்று ஊக்கம் வேறு.

முகத்துக்குப் பதிலாக நோட்டைப் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் புத்தகத்தை ஒரு ஜாண் உயரத்துக்கு அடுக்கி, மேலே போனைக் குறுக்காகப் படுக்க வைத்தால் பின் கேமரா கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும். ஒரு நேரத்தில் மூணு பேர் போதும், ஐந்து நிமிஷம் அவர்கள் எழுதுவதைப் பார்த்தால் பெஞ்சுக்கு நடுவில் நடந்த பலன்.

மூணு பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளை ஒருவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்து 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார், இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஜூமின் தனி அறை வசதியில் நான் செய்வதும் அதுதான். மூணு பேர், ஒரு கணக்கு, ஆறு நிமிஷம், திரும்பி வந்ததும் விடையைச் சொல்ல வேண்டாம், எங்கே முட்டினீர்கள் என்று சொன்னால் போதும். சட்டாம்பிள்ளை தினம் மாறவேண்டும், இல்லாவிட்டால் முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளையே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடும்.

அந்த 5 − (x − 3) இப்படி ஒரு அறையில்தான் அவிழ்ந்தது. நான் குறி மாறும் என்று விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்திருந்தேன். மாமா மளிகைக் கடையில் சாயங்காலம் நிற்கிற பையன் ஒருவன் இப்படிச் சொன்னான்: கையில 50 ரூவா இருக்கு, பில்லு 20, அதுல 3 ரூவா தள்ளுபடி. அப்போ 50 − (20 − 3), மிச்சம் 33 வரணும். குறிய மாத்தாம 50 − 20 − 3 போட்டா 27தான் வருது. "தள்ளுபடியும் கிடைக்காம, மூணு ரூவாய அவங்களுக்கே குடுத்துட்டுல்லா வாரோம்!" அதற்குப் பிறகு அந்த வகுப்பில் இந்தத் தப்பு அநேகமாக வரவில்லை. வந்தாலும் "தள்ளுபடி, தள்ளுபடி" என்று சாட்டில் யாராவது போட்டுவிடுகிறார்கள்.

நேரக் கணக்கு

ஜூம் இலவசத்தில் 40 நிமிஷம்தான், கூகுள் மீட்டில் குழுவுக்கு 60. அதில் பாடம் நடத்துவது பாதிக்கு மேல் போகக்கூடாது. விளக்கம் சொல்லும் பகுதியைப் பத்துப் பன்னிரண்டு நிமிஷ வீடியோவாக எடுத்து மத்தியானமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், சாயங்கால நேரத்தைப் பேச்சுக்கு வையுங்கள். உங்களிடம் 60 பேர் இருக்கிறார்கள் என்றால் இதெல்லாம் நடக்காது, அரைமணி நேரமாக ரெண்டு பிரிவாக்குவதுதான் வழி. ஒன்றாம் ரெண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆன்லைனே வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் மறுபடி திறந்தன, இடைவெளியை நிரப்ப அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வியும் தெருவிலேயே ஒரு தன்னார்வலரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான்.

பெற்றோர்களுக்கு ரெண்டே விஷயம். பக்கத்தில் உட்கார்ந்து விடையைக் கிசுகிசுக்காதீர்கள், எங்களுக்கு நன்றாகவே கேட்கிறது. வகுப்பு முடிந்ததும் "என்ன படிச்ச?" என்பதை விட்டுவிட்டு "இன்னைக்கு சார்ட்ட என்ன கேட்ட?" என்று கேளுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு

சைக்கிள் ஸ்டாண்ட் சந்தேகத்துக்குத் திரையில் இடமில்லை, சிவப்பு பட்டனை அமுக்கினால் ஆள் காலி. அதற்குப் பதிலாகச் சாதாரணப் போன் கால் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், வாரத்தில் ஆறு நாள், 24 பேரும் முடிந்துவிடும். வீடியோ கால் தேவையில்லை, டவர் ஒரு கோடு காட்டினாலும் குரல் கேட்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: தேதி, அவன் கேட்டது, நான் சொன்னது. முதல் ரெண்டு தடவை "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும், அப்போது பாடத்தை விட்டுவிட்டு ஊரில் மழை உண்டா, குளம் நிறைந்ததா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அடுத்த வாரம் ஒரு கணக்குகூடப் போடாமல் இப்படியே 24 பேரிடமும் பேசினேன், அதுவரை வாயே திறக்காத நாலைந்து பேர் அந்த வாரம்தான் பேசினார்கள். மூணாவது போனில் பெரும்பாலும், நான் "சரிப்பா, வைக்கட்டுமா" என்று சொல்கிற நேரம் பார்த்து, "சார், ஒண்ணு கேக்கணும்" என்று வரும். போனை வைக்க அவசரப்படாதீர்கள், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.