கலாத்தியா கப்பலின் வரலாற்றில் எங்கே தடுக்கி விழுகிறோம்?

தரங்கம்பாடியின் டேனிஷ் காலத்தைப் படிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில், 1845-47இல் உலகைச் சுற்றிவந்த ‘கலாத்தியா’ என்ற டேனிஷ் பாய்மரப் போர்க்கப்பலிடம் வந்து சேர்வார்கள். தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, ஆள்மாறாட்டம். எடின்பரோ கோமகன் 1869-70இல் கல்கத்தாவுக்கும் இலங்கைக்கும் வந்தது பிரிட்டிஷ் ‘கலாத்தியா’வில். அது நீராவி எஞ்சின் பூட்டிய பெரிய கப்பல். நாம் தேடுவதோ 1831இல் நீரில் இறக்கப்பட்ட, 26 பீரங்கிகள் கொண்ட டேனிஷ் கொர்வெட், அதாவது சிறிய ரகப் போர்க்கப்பல். ரோமன் எழுத்தில் இரண்டு பெயர்களுக்கும் இடையே ஓரெழுத்து வேறுபாடு உண்டு. தமிழில் எழுதும்போது அதுவும் மறைந்துபோகிறது. ஆகவே கொடியையும் ஆண்டையும் பார்க்காமல் குறிப்பெடுக்காதீர்கள். பிலிப்பைன்ஸ் கடலில் பத்தாயிரம் மீட்டருக்கும் கீழிருந்து உயிரினங்களை அள்ளிவந்த 1950-52 பயணமும் டென்மார்க்கின் கலாத்தியா பயணம்தான். ஆனால் அந்தக் கப்பல் வேறு.

மாலுமித் தலைவர் விஷயத்திலும் இதே சிக்கல். ஸ்டீன் ஆண்டர்சன் பில்லெ என்பவர் 1797இல் டிரிப்போலியில் போரிட்டு வென்றார். கலாத்தியாவை உலகம் சுற்றவைத்த ஸ்டீன் ஆண்டர்சன் பில்லெ பிறந்ததே அந்த ஆண்டில்தான்!

என்னை மிகவும் உறுத்துவது, ‘தரங்கம்பாடியை விற்க வந்த கப்பல்’ என்ற வர்ணனை. விற்பனை ஒப்பந்தம் 1845 பிப்ரவரி 22இல் கையெழுத்தாகிவிட்டது. தரங்கம்பாடி, செராம்பூர் உள்ளிட்ட இடங்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கலாத்தியா கோபன்ஹேகனில் பாய் விரித்ததோ ஜூன் 24இல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனியர் பெற்ற தரங்கம்பாடி நவம்பர் 7இல் கைமாறியது. பேரம் முடிந்த பிறகுதான் கப்பல் புறப்பட்டது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் காரணமே மாறிவிடும்.

டேனியர் உரிமை கொண்டாடிய நிக்கோபார் தீவுகள் அந்த விற்பனையில் சேரவில்லை. ‘1845இல் டேனியர் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள்’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 1846இல் கலாத்தியா அந்தத் தீவுகளை ஆராய்ந்தது, டேனிஷ் கொடியும் மீண்டும் ஏற்றப்பட்டது. டென்மார்க் தன் உரிமையை முற்றாகக் கைவிட்டது 1868இல்தான்.

இதை வெறும் அறிவியல் கப்பல் என்றும் சொல்லிவிட முடியாது. விலங்கியலாளர் ரைன்ஹார்ட், நிலவியலாளர் ரிங்க் போன்றோர் கப்பலில் இருந்தது உண்மை. அதே கப்பல்தான் ஹவாயில் மூன்றாம் கமேஹமேஹா மன்னரோடு 1846 அக்டோபரில் ஒப்பந்தம் செய்துகொண்டது. தாயகம் திரும்பியது 1847 ஆகஸ்டில்.

இன்று வரைபடத்தில் பெரிய நிக்கோபாரின் தென்முனையைப் பாருங்கள். தோணியாமைகள் முட்டையிடக் கரையேறும் விரிகுடாவுக்கும், அங்கே கடலில் கலக்கும் ஆற்றுக்கும் கலாத்தியா என்றே பெயர். அந்தப் பெயர் வந்தது இந்த 26 பீரங்கிக் கப்பலிலிருந்து.