1:10 என்றால் பாட்டிலில் எத்தனை மில்லி? கெட்டி கார் ஷாம்பு, கிளீனர் கலக்கும் முறை

தண்ணீர் கலந்து பயன்படுத்தும் கெட்டி கிளீனர் ஒரு கேன் வாங்கினால் ஒரு வருடமாவது வரும் என்று சொன்னார்கள். என்னுடையது ஒன்றரை மாதத்தில் காலி. இத்தனைக்கும் கழுவியது ஒரே ஒரு கார். கேன் ஒழுகவும் இல்லை, யாரும் எடுக்கவும் இல்லை. லேபிளில் இருந்த விகிதத்தை நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன். ஷாம்பு போட்டுக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. கலப்பது மட்டும்தான் இங்கே.

படி 1: விகிதத்தைச் சரியாகப் படியுங்கள்

லேபிளில் 1:4 என்று இருந்தது. நாலில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் 250 மில்லி கிளீனர் ஊற்றி மீதிக்குத் தண்ணீர் விட்டேன். அது 1:4 அல்ல, 1:3. கிளீனர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, ஆக மொத்தம் ஐந்து பங்கு. ஒரு லிட்டரை ஐந்தால் வகுத்தால் 200 மில்லி. இரண்டாவது எண் தண்ணீரை மட்டும் சொல்கிறது, பாட்டில் முழுவதையும் அல்ல.

இதில் இன்னும் சந்தேகம் இருந்தால் 1:1-ஐ நினைத்துப் பாருங்கள். என் பழைய கணக்குப்படி 1:1 என்றால் பாட்டில் முழுக்கக் கிளீனர், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை! உண்மையில் அது பாதிக்குப் பாதி.

ஆக, இரண்டு எண்களையும் கூட்டி, பாட்டில் அளவை அதால் வகுக்க வேண்டும். 500 மில்லி பாட்டிலில் 1:10 வேண்டுமா? 500-ஐ 11-ஆல் வகுத்தால் 45 மில்லி. 1:20 என்றால் 21-ஆல் வகுக்க, 24 மில்லி வரும். வாளியில் போடும் ஷாம்பு 1:500 என்று இருந்தால் அந்தக் கூடுதல் ஒன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 லிட்டருக்கு 20 மில்லி, முடிந்தது.

சில லேபிள்களில் 10:1 என்று திருப்பிப் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், சின்ன எண்தான் கிளீனர். 10% என்று போட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. அது லிட்டருக்கு 100 மில்லி, அதாவது 1:9.

படி 2: அளக்க என்ன வேண்டும்

60 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாதது. இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. பக்கவாட்டில் விகிதக் கோடுகள் அச்சிட்ட பாட்டில்களும் கிடைக்கின்றன, எனக்கு அவை பிடிக்காது. பாட்டிலை முழுதாகக் காலி செய்தால்தான் அந்தக் கோடு உதவும். 1:20-க்கான கோடு அடிமட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

"இரண்டு மூடி ஊற்றவும்" என்று எழுதியிருந்தால் மூடியில் தண்ணீர் நிரப்பி சிரிஞ்சால் உறிஞ்சி ஒருமுறை அளந்து பாருங்கள். எல்லா மூடியும் ஒரே அளவில்லை.

படி 3: முதலில் தண்ணீர், பிறகுதான் கிளீனர்

மாற்றிச் செய்தால் பாட்டில் கழுத்துவரை நுரை ஏறி, பாதிப் பாட்டில்கூட நிரம்பாது. தண்ணீரை விட்டு, கிளீனரைச் சேர்த்து, மூடி இரண்டு மூன்று முறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்க வேண்டாம். அமிலம் கலந்த சக்கர கிளீனருக்கு இந்த வரிசை பாதுகாப்பு விஷயம்: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குளோரின் ப்ளீச் இருந்த பாட்டிலில் அமிலம் பக்கமே போகக் கூடாது, நச்சு வாயு வரும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் எதையும் கலந்து வைக்காதீர்கள்.

படி 4: எந்த வேலைக்கு எவ்வளவு

லேபிளில் இருப்பதுதான் முதல் விதி. அது சொல்லாத இடத்தில், ஆல் பர்ப்பஸ் கிளீனருக்கு (பல பாகங்களுக்கும் பொதுவான கிளீனர்) நான் பின்பற்றுவது இது. டயருக்கும் சக்கரத்துக்கு மேலே உள்ள சேற்று வளைவுக்கும் 1:4. கதவு உட்பக்கம், மிதியடி, பிளாஸ்டிக் பாகங்களுக்கு 1:10. வெறும் தூசியும் கைரேகையும் என்றால் 1:20 தாராளம். தொடுதிரைக்கும் தோல் இருக்கைக்கும் இதைக் கொண்டுபோகவே வேண்டாம், அவற்றுக்குத் தனி கிளீனர் இருக்கிறது. பெயின்ட்டின் மேல் கெட்டியாக அடித்தால் ஏற்கெனவே பூசிய மெழுகு அதோடு போய்விடும். சூடான பிளாஸ்டிக்கில் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைத் தடம் விழும். புதிதாக எதைக் கலந்தாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள்.

படி 5: ஃபோம் கேனன், என்னை ஏமாற்றிய இடம்

ஃபோம் கேனன் என்பது பிரஷர் வாஷரில் (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரம்) மாட்டி, ஷாம்புவை நுரையாக அடிக்கும் பாட்டில். ஷாம்பு லேபிளில் 1:100 என்று இருந்தது. படி 1-ல் கற்ற கணக்கை நம்பி, கேனனின் ஒரு லிட்டர் பாட்டிலில் 10 மில்லி ஷாம்பு போட்டு மீதிக்குத் தண்ணீர் விட்டேன். அடித்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வந்தது. கோபத்தில் அடுத்த முறை அரை பாட்டில் ஷாம்புவை ஊற்றினேன். நுரை பிரமாதம். ஆனால் அலசி அலசிக் கை ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் பக்கக் கண்ணாடிக்கு அடியிலிருந்து இன்னும் சொட்டுகிறது, கதவு ரப்பரில் வெள்ளைக் கோடு.

நான் மறந்தது இதுதான்: பாட்டிலில் நாம் விடும் தண்ணீர் போக, பிரஷர் வாஷர் தன் பங்குக்கு இன்னும் தண்ணீர் சேர்க்கிறது. எவ்வளவு என்பது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கேனனுக்கும் மாறும், அதனால் அளந்தே ஆக வேண்டும். கேனன் பாட்டிலில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் நிரப்புங்கள். வழக்கமாக வைக்கும் அளவில் கேனனின் குமிழைத் திருகிவைத்து, ஒரு பெரிய வாளிக்குள் அடியுங்கள். பாட்டில் காலியான நொடியில் நிறுத்தி, வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள்.

எனக்கு 12 லிட்டர் வந்தது. அதாவது காருக்குப் போவது 12 லிட்டர் கலவை. அது 1:100 ஆக இருக்க வேண்டுமானால் 12,000 மில்லியை 101-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 120 மில்லி. அதைப் பாட்டிலில் போட்டு, மீதி 880-க்குத் தண்ணீர். நான் முதலில் போட்ட 10 மில்லி 1:1200-க்குப் பக்கம், பிறகு நுரை எங்கிருந்து வரும்? குமிழைத் திருகினாலோ இயந்திரத்தை மாற்றினாலோ மறுபடி அளங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: "ஃபோம் பாட்டிலில் 1:10" என்று லேபிளே சொன்னால் அது பாட்டிலுக்குள் இருக்க வேண்டிய அளவு. அப்போது இந்தக் கணக்கு வேண்டாம், 91 மில்லி போட்டு நிரப்பினால் போதும்.

பிற்சேர்க்கை: அலசத் தேவையில்லாத கழுவு திரவத்தில் 1:256 என்று விநோதமான எண் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது அமெரிக்க அளவு. ஒரு கேலன் 128 அவுன்ஸ், ஆக இரண்டு கேலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ். நமக்கு 10 லிட்டருக்கு 39 மில்லி. இதை அதிகம் போட்டால் சுத்தம் கூடாது, துடைத்தபின் பிசுபிசுப்புதான் கூடும்.

இன்னொரு பிற்சேர்க்கை: கலந்துவைத்த பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் உப்புத் தண்ணீரின் வேலை அது. வாளிக்குக் குழாய்த் தண்ணீர் போதும், நாள்கணக்கில் வைக்கும் ஸ்ப்ரே பாட்டிலுக்கு ஆர்.ஓ. அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். பாட்டில் மேல் பெயரும் விகிதமும் தேதியும் எழுதும்போது அதன் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். என் 1:4 பாட்டில் கையில் வழிந்து வழிந்து, மார்க்கரில் எழுதியதைத் தானே சுத்தமாகத் துடைத்துவிட்டது.